வான்கதவு

ஓகஸ்ட் 4, 2025
இன்றும் என் மனுசன் விடியுமுன் எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "வான் கதவு திறந்தாச்சோ?" தினமும் இதே கேள்வி. இவரை ஏற்றிப்போகும் பகல் பராமரிப்பு நிலையத்து வான் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. வானே வராமல் கதவு எப்படித் திறக்கும் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அடுத்த தரம் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு கத்திவிட்டேன். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஓகஸ்ட் 9
மகள் சுஜீவா வந்தாள். முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறதாம். மாத முடிவுக்குள் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டுமாம். வாடகை வீடு பார்த்த மாதிரிச் சொல்கிறாள். நான் அவரைச் சீனாவுக்குக் கூட்டிப் போகப்போகிறேன், ரிக்கற்றும் போட்டாச்சு என்றேன்.

"அம்மா, அப்பாவுக்கு இப்ப சைனாவும் ஒண்டுதான், எங்கட பென்டில் ஹில்லும் ஒண்டுதான்."

அவள் சொல்வது சரிதான். ஆனால் வன்னியில் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்த காலம் முழுக்க இந்த மனிதன் சீனாவின் துஜியாங்யானைப் பற்றியே கதைத்தார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னம், குறுக்கே அணை கட்டாமலே ஓர் ஆற்றை இரண்டாகப் பிரித்து வயல்களுக்கு விட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் பாய்கிறது. பென்சன் எடுத்ததும் என்னைக் கூட்டிப் போவதாகச் சொன்னார். இப்போது என்னை ஆஸ்பத்திரித் தாதி என்று நினைத்து "மிஸி" என்கிறார். அந்த ஆற்றைக் கண்டால் ஒரு தரமாவது என் பெயர் அவர் வாயில் வராதா? வராவிட்டால் சுஜீவாவுக்கு ஓம் சொல்லிவிடுவேன்.

ஓகஸ்ட் 15
ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். சாமியிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஓகஸ்ட் 19, செங்டு
விமானத்தில் பக்கத்துப் பெண்ணின் சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டார். வழி முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். இவரை இவ்வளவு தூரம் கூட்டி வர எனக்கென்ன விசரா?

ஓகஸ்ட் 20, துஜியாங்யான்
கூட்டமோ கூட்டம். மழைக்காலம், ஆறு நிறைந்து ஓடுகிறது. ஆற்றை உள்ளாறு, வெளியாறு என்று பிரிக்கும் கல்முனைக்கு மீன்வாய் என்று பெயர். சாப்பாட்டுக் கோப்பையில் புட்டால் வரம்பு கட்டி, சொதியை இரண்டாக ஓடவிட்டு இவர் எனக்கு எத்தனையோ தரம் காட்டிய இடம் இதுதான். இங்கை பாருங்கோ, உங்கட மீன்வாய் என்றேன். இவர் ஒரு பிள்ளையின் ஐஸ்கிறீமைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழ்ப்பக்கம் நடந்தோம். அங்கே உள்ளாற்றில் மிஞ்சும் வெள்ளம் ஒரு பதிந்த கரைக்கு மேலால் வழிந்து வெளியாற்றில் விழுகிறது. அந்த இரைச்சல் கேட்டதும் நின்றுவிட்டார். என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"மிஸி, வான் கதவு திறந்தாச்சோ? கீழுக்குச் சனம் இருக்கு."

கடவுளே. குளத்து வான். மிஞ்சின தண்ணி பாயிற வான், அதின்ர கதவு! நீர்ப்பாசனக்காரனைக் கட்டி இவ்வளவு காலம் - எனக்கு விளங்கேல்லையே. வான் எண்டால் றோட்டில ஓடுற வான்தான் எண்டு கிடந்திட்டனே.

ஒரு மார்கழி மழையில் இவர் பொறுப்பிலிருந்த குளம் முட்டி, கட்டு உடையப் பார்த்தது. இவர்தான் ஆட்களோடு நின்று வான்கதவைத் திறப்பித்தார். கீழேயிருந்த ஊர் தப்பியது. அது தப்பியது இவருக்கு மறந்துபோயிற்று. தண்ணீர் ஏறுவது மட்டும் தலைக்குள் நிற்கிறது. தினமும் விடியுமுன் இந்த மனிதன் அந்தக் குளக்கட்டில் நின்று என்னைக் கேட்டிருக்கிறார். நான் பகிடி விட்டிருக்கிறேன், கத்தியிருக்கிறேன்.

நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன் இவருடைய காற்சட்டை நனைந்துவிட்டது. சனம் விலகிப் போனது. என் பெயர் வரவில்லை.

ஓகஸ்ட் 24
சுஜீவாவுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஓகஸ்ட் 27
விளங்கி என்ன பயன்? நேற்றுக் குளியலறையில் விழுந்தார். என்னால் தூக்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் வரும்வரை நானும் ஈரத்திலேயே பக்கத்தில் இருந்தேன். நானும் கிழவிதானே. திரும்பி வந்ததிலிருந்து அந்தக் கேள்வியையும் கேட்கிறாரில்லை. பதிலை வைத்துக்கொண்டு நான் காத்திருக்கிறேன்.

செப்ரெம்பர் 1
இல்லத்து வான் வந்தது. சுஜீவா பெட்டியை ஏற்றினாள். இவர் சப்பாத்தோடு வாசலில் நின்றார், அசையவில்லை. மிஸ்டர் ராஜா, மிஸ்டர் ராஜா என்று சாரதி கெஞ்சினான். சுஜீவா ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். விடடி என்றேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"வான் கதவு திறந்தாச்சோ?"

"ஓம், திறந்தாச்சு. சனமெல்லாம் தப்பீட்டுது."

என் முகத்தையே பார்த்தார். தோள் மெல்லத் தாழ்ந்தது.

"அப்ப நான் வீட்டை போறன், மிஸி. என்ர மனுசி பாத்துக்கொண்டிருப்பா."

தானாகவே போய் வானில் ஏறி இருந்தார்.

ஓம், போயிட்டு வாங்கோ என்றேன்.