கற்களை நகர்த்தியவன் வந்தான்

அன்பு மகள் புலெங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், கடவுள் தயவில் நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எப்போதும் எழுதுகிற வரிதான், ஆனால் உன் தம்பியைப் புதைத்த பிறகு 'நாங்கள்' என்று எழுத வரும்போது கை நின்றுவிடுகிறது. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அப்பா போட்டுக்கொள்கிறார். இந்த வருஷம் குளிர் முன்னாலேயே வந்துவிட்டது, காலையில் வாளித் தண்ணீரைத் தட்டி உடைத்த பிறகுதான் களி கிண்ட முடிகிறது. சிவப்புக் குதிரை சினையாக இருக்கிறது. சர்ச் பெண்கள் வியாழக்கிழமைதோறும் வந்து எனக்காகப் பாடிவிட்டுப் போகிறார்கள், அவர்கள் போனதும் வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிடுகிறது, அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. நீ அடக்கத்துக்கு வர முடியாததைப் பற்றி இங்கே யாரும் குறை சொல்லவில்லை, முதியோர் இல்லத்துக்காரர்கள் லீவு தராவிட்டால் நீ கடலை நடந்தா கடப்பாய், அதை நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு.

தம்பி தொகெலோ எப்படி விழுந்தான் என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. இப்போது எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பொய் என்று தெரிந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அவன் வழக்கம்போல மேலே கிளினிக்கிலிருந்து ரத்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அவன் போன பிறகு மத்தியானம் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது, நம் வீட்டுக்குக் கீழே இருக்கிற வளைவில் பாதி ரோட்டை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. அப்பாவும் ஊர் ஆண்களும் இரண்டு பக்கமும் குறுக்கே பெரிய கற்களை அடுக்கி, நடுவில் தகர டிரம்மை நிறுத்தி, என் சிவப்புத் தலைத்துணியை அதில் கட்டிவிட்டு வந்தார்கள். அவனுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், மலையில் ஏறத் தொடங்கிவிட்டால் சிக்னல் ஏது. சாயங்காலம் மூடுபனி இறங்கியது, இருட்டியும் அவன் வரவில்லை. தேடிப் போனவர்களுக்குப் பள்ளத்தில் முதலில் தெரிந்தது வண்டி ஓட்டும்போது போட்டுக்கொள்ள நீ வாங்கி அனுப்பிய ஒளிரும் பட்டை வைத்த சட்டைதான், டார்ச் வெளிச்சத்தில் அதன் கோடுகள் மின்னினவாம். பக்கத்திலேயே டிரம்மும் கிடந்தது.

டிரம் அங்கே கிடந்ததால், அவன் வேகமாக வந்து அதில் மோதி அதையும் இழுத்துக்கொண்டு விழுந்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கற்கள் ஓரமாகக் கிடந்ததைப் பார்த்து, இருட்டில் தேடப் போனவர்கள் தள்ளிவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். கிளினிக்கிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். உன் அப்பா அவனை மன்னிக்கவே இல்லை. குழி மூடும்போது எல்லோர் எதிரிலும், "எத்தனை தடவை சொன்னேன், மெதுவா ஓட்டுடான்னு. கேட்டியா? இப்ப கேளு" என்று மண்ணைப் பார்த்துக் கத்தினார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதற்குப் பிறகு மகன் பெயரையே அவர் எடுக்கவில்லை, நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

போன மாதம் ஒருத்தன் தனியாகப் பெரிய மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிறுத்தினான். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்கார வெள்ளைக்காரன், பெயர் கிதியோன், பண்ணை வேலைக்காரர்களோடு வளர்ந்தவன் போலிருக்கிறது, நம் பாஷையே பேசினான். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்பா முன்னால் நின்றான். "அய்யா, அந்தக் கல்லையெல்லாம் நகத்துனது நாங்கதான். மூணு பேரு வண்டியில மலை சுத்த வந்தோம். மலைய ஒட்டி உள்பக்கமா வண்டியத் தள்ளிக்கிட்டுத் தாண்டிட்டோம். திருப்பி வச்சிட்டுப் போலாம்னு நான் சொன்னேன். மூடுபனி வருது, சீக்கிரம் வாடான்னாங்க. நானும் வந்துட்டேன்" என்றான். மேலே பெட்ரோல் விற்கிற கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் விஷயம் தெரிந்ததாம். வாயை மூடிக்கொண்டு இரு, யாருக்குத் தெரியப் போகிறது என்று கூட்டாளிகள் சொன்னார்களாம், கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தும் பார்த்தானாம். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த டிரம்மு?" அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் ஓரமா உருட்டுனேன். கை நழுவிக் கீழ போயிடுச்சு" என்றான். அப்பா, "அது அங்கயே இருந்திருந்தா என் பையன் நின்னிருப்பான்" என்றார். அவன் நீட்டிய கையைத் தொடாமல் ஆட்டுப்பட்டிக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை புலெங், அவர் அம்மா செத்தபோதுகூட.

நான் என்ன செய்தேன் தெரியுமா, அவனுக்குத் தேநீர் கொடுத்தேன். குளிரில் அவன் உதடு நீலமாகிவிட்டிருந்தது. குடித்துவிட்டு மலை ஏறிப் போவதாகச் சொன்னான். அப்போது என்னை அறியாமலே, "மேல குகைக்குப் பக்கத்து வளைவுல வெயிலே படாது, ஊத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். தொகெலோ கிளம்பும்போதெல்லாம் நான் சொல்லுகிற வார்த்தைதான், வாய் பழகிப்போயிருந்தது. அதைக் கேட்டுத்தான் அவன் உடைந்தான், வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதான். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிப்பு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் வழியில் பனி இருப்பது தெரிந்தும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதைப் பட்டியிலிருந்து அப்பா கேட்டுவிட்டார். "அவனுக்கு வழி சொல்ல உனக்கு நாக்கு எழும்புச்சா" என்று ஒரு வார்த்தை கேட்டார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார், தட்டை வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் கீழேயிருந்து மோட்டார் சைக்கிள்கள் வரும் சத்தம் கேட்டது. அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு தடியை எடுத்தார். ஏதாவது செய்துவிடுவார் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். குறுக்குப் பாதையில் ஏறி அந்தப் பனி வளைவுக்குப் போய், ரோட்டின் நடுவில் தடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிகள் நின்றன, கிதியோன் அதில் இல்லை, எல்லாம் தெரியாத முகங்கள். இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார், பனியைத் தடியால் தட்டிக் காட்டினார். அவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போகும்வரை நகரவில்லை. ஒருத்தன் போட்டோ எடுக்கப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வரும்போது என்னிடம், "பார்த்து வா, வழுக்கும்" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பேசிய பேச்சு.

அன்றிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டைக்கூட வைத்துவிட்டுப் போகிறார். சில நாள் சத்தம் எதுவும் கேட்காமலே போய் நிற்கிறார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய், குதிரையைப் பற்றிக் கேள், கிதியோனைப் பற்றி எதுவும் கேட்காதே. அங்கே மழையில் சைக்கிள் ஓட்டாதே, பஸ்ஸில் போ. உனக்கு அமைதி கிடைக்கட்டும், உன் தலைமேல் நல்ல மழை பெய்யட்டும், உன் கையில் சோறு குறையாமல் இருக்கட்டும். டிசம்பரில் நீ வரும்போது இங்கே கோடை, பனியெல்லாம் உருகி வழி நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் அப்பா அங்கே நிற்பார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டு வாசலில் இறங்காதே, வேனை மேலே அந்த வளைவுவரை விடச் சொல்லி இறங்கிக்கொள் மகளே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வா.

இப்படிக்கு உன் அம்மா,
மாபுலெங்