கல்லை நகர்த்தும் தீர்மானம்

நாச்சிபாளையம்
17-2-1936

உண்ணாமலைக்கு அர்த்தநாரி எழுதுவது.

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் மாமாவும் சுகமாயிருக்கக் காளியாத்தா துணை செய்யட்டும்.

கரட்டூர் ஒரு மைல்தான். இருந்தும் தயிர்க்காரப் பாவாயி கையில் காகிதம் கொடுத்தனுப்ப வேண்டிய தலையெழுத்து. "கூட்டிக்கிட்டுப் போறதுன்னா வாங்க மாப்ள, இல்லாட்டிப் படியேற வேண்டாமுங்க" என்று மாமா மரியாதையாகச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. நீயோ வடக்கு எல்லைக்கல் பக்கத்தில் நின்று, "காளியாத்தா மேல சத்தியம், இனி இந்த ஊருக்குள்ள என் காலு படாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நானாவது ஊரை விட்டு வரலாமென்றால், எல்லைக்குள் குடியில்லாதவன் கவுன்சிலராக இருக்கக் கூடாதாம். இத்தனையும் எதற்கு? எலெக்ஷனில் நாலு ஓட்டில் ஜெயித்த அன்று மண்டியில் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னதற்கு.

இப்போது நல்ல சேதி கேள். ஊரில் புது வீடுகள் கட்ட இடம் வேண்டுமென்று வெளி நிலத்தை முனிசிபாலிட்டி எல்லைக்குள் சேர்க்கப் போகிறார்கள். வடக்குப் பக்கம் எடுக்கலாமென்று சேர்மனுக்கு யோசனை. எல்லைக்கல்லைப் பிடுங்கி உங்கள் வீட்டுக்கு அந்தப்புறம் நடுவார்கள். நீ ஒரு அடி எடுத்து வைக்க வேண்டாம், ஊரே உன்னைத் தாண்டிப் போய்விடும்! சத்தியமும் முறியாது, நானும் அங்கே வந்து குடியிருந்தால் கவுன்சிலர் வேலையும் போகாது. எப்படி என் யோசனை?

அர்த்தநாரி

*

கரட்டூர்
20-2-1936

நாச்சிபாளையம் கவுன்சிலர் அவர்களுக்கு,

பேரை எழுதும் பழக்கம் எனக்கில்லை. திருச்செங்கோட்டு மலை மேல் இருக்கிற சாமியின் பேர் உங்களுக்கு. அந்தச் சாமி உடம்பிலேயே பாதியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்தது. உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை கொடுக்க வாய் வரவில்லை.

என்ன யோசனை இது? வடக்குப் பக்கம் என்றால் எங்கள் தோட்டம்தானே? அப்பா சம்மட்டி பிடித்து வெட்டிய கிணறு, மஞ்சள் வயல், கடலைக்காடு எல்லாவற்றிலும் கோடு போட்டு வீடு கட்டுவீர்கள், நடுவில் நான் உட்கார்ந்துகொண்டு "ஆகா, சத்தியம் முறியலை" என்று குதிக்க வேண்டுமா? போன வாரம் ஓவர்சியர் வந்து சங்கிலி பிடித்து அளந்தபோது எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அப்பா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறார். "மாப்ளயே இப்படிப் பண்ணுவாருங்களா?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்கிறார்.

விளையாட்டாகச் சொன்னீர்களாம். இருபது மூட்டைக்காரர் முன்னால், "ஊரே போட்டுது, ஊட்டுக்காரி போடலை" என்று தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். சரி, இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லைதான்! நாச்சிபாளையத்தில் அப்பா என் பேருக்கு எழுதிவைத்த வீட்டுக்கு வரி கட்டித்தான் எனக்கு ஓட்டு வந்தது. குழாய்த் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றவருடைய சிவப்பு ஓட்டுப் பெட்டியில் போட்டேன். தண்ணீர் சுமக்கிறவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். நீங்கள் சொன்னது பொய்யென்று எனக்குக் கோபம் வரவில்லை. ஊட்டுக்குள்ளே கேட்க வேண்டியதைச் சந்தையில் கேட்டீர்களே, அதுதான்.

மாதையன் மகள் உண்ணாமலை

*

நாச்சிபாளையம்
3-3-1936

உண்ணாமலைக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் சிரிப்பு வந்தது. மூன்றாம் தரம் வெட்கமாகிவிட்டது. மண்டியில் நான் அப்படிப் பேசியது தப்பு. எட்டு மாதமாக இந்த ஒரு வரி எழுத முடியாமல் என்னென்னவோ எழுதிக் கிழித்துப் போட்டேன். இப்போது எழுதிவிட்டேன், மூச்சு விட முடிகிறது.

தோட்டத்து விஷயத்தில் என்னை வில்லங்கக்காரன் என்று நினைத்துவிடாதே. நெசவாளர் தெருவுக்குப் போய்ப் பார். ஒரு வீட்டில் மூன்று குடும்பம், தறிக்குழிக்குப் பக்கத்திலேயே அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்திலேயே தொட்டில். போன ஐப்பசியில் காலரா வந்து அந்த ஒரு தெருவில் மட்டும் பதினொரு பேரைத் தூக்கினோம். அவர்களுக்கு வீடு வேண்டும். ஊருக்குள் ஒரு முழம் இடமில்லை.

வடக்கை விட்டால் தெற்கே பாறைக்காடு இருக்கிறது. பயிர் பச்சை கிடையாது, ஒருவர் பிழைப்பும் கெடாது. ஆனால் அங்கே சொட்டுத் தண்ணீர் இல்லை, அதனால்தான் சேர்மன் உங்கள் கிணற்றைக் காட்டுகிறார். நாங்கள் பதின்மூன்று பேர். ஆறு பேர் வடக்கு என்கிறார்கள், ஆறு பேர் தெற்கு என்கிறார்கள். மீதி நான்தான். சித்திரையில் கூட்டம்.

ஒளிக்காமல் சொல்கிறேன். வடக்குக்குக் கை தூக்கினால் நீ எனக்குக் கிடைப்பாய் என்ற ஆசை இன்னும் விடவில்லை. நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்.

அர்த்தநாரி

*

கரட்டூர்
9-3-1936

மண்டிக்காரருக்கு,

சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீங்கள் கை தூக்கினால், நாளைக்கு அதையும் ஊர் முன்னால் சொல்வீர்கள். கை உங்களுடையது.

ஒரு வரியில் தப்பை ஒத்துக்கொண்டீர்கள். அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அது எனக்கு வந்தது.

காலரா சேதியை மட்டும் படித்துக் காட்டினேன். எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "ஊடு இல்லாதவன் பாடு நமக்குத் தெரியாதா? ஆனா என்ற கெணத்த விட்டுட்டு நான் எங்க போயி நிப்பேன் சாமி?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு முன்னால் அழக்கூடாதென்று மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

இன்னொன்று. இந்தப் பேச்சையெல்லாம் பாவாயி கேட்டுக்கொண்டிருந்தாள். "பாறைக்காட்டுல தண்ணி இல்லைன்னு எந்தப் புண்ணியவான் சொன்னானுங்க? எங்கப்பன் ஆடு மேய்க்கறப்ப அங்க ஒரு கெணறு இருந்துதுங்கோ. தாது வருசப் பஞ்சத்துல மக்க வெட்டுனதாமா. அப்புறம் ஆடு ரெண்டு அதுக்குள்ள உளுந்து செத்துப் போச்சுன்னு மண்ணத் தள்ளி மூடிப்போட்டாங்க" என்றாள். வேலாமரம் மூன்று சேர்ந்து நிற்கிற இடமாம். ஓவர்சியருக்கு நிலத்தின் மேலே இருக்கிறதுதான் தெரியும். பாவாயியைக் கூட்டிப் போய்க் கேளுங்கள். வழி காட்டுவதற்கு அவளுக்குத் தயிர் விற்கும் நேரம் கெடும், அதை மறந்துவிடாதீர்கள்.

இதை எழுதினால் எல்லைக்கல் எங்கள் பக்கம் நகராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உண்ணாமலை

*

நாச்சிபாளையம்
20-4-1936

அன்புள்ள உண்ணாமலைக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. மாமாவிடம் முதலில் போய்ச் சொல், கிணறு அவருடையதுதான். பிறகு வந்து மீதியைப் படி.

வேலாமரத்தடியைப் பாவாயி காலால் கீறிக் காட்டினாள். என் மண்டி ஆட்கள் நாலு பேர் இறங்கினார்கள். பன்னிரண்டு நாள் வெறும் மண்ணும் கல்லும்தான். சேர்மன் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்து, "என்ன அர்த்தநாரி, பொதையலுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதின்மூன்றாம் நாள் ஈரம் தட்டியது. பதினைந்தாம் நாள் முழங்கால் தண்ணீர். வாயில் விட்டுப் பார்த்தேன், இளநீர்தான் போ! பாவாயி குலவை போட்டதில் மேய்ந்த ஆடெல்லாம் சிதறி ஓடியது.

ஒரு குடம் தண்ணீரைக் கூட்டத்து மேஜை மேல் கொண்டுபோய் வைத்தேன். சேர்மனே ஒரு டம்ளர் குடித்தார். ஆனாலும் அந்த ஆறு பேர் மசியவில்லை. தெற்குக்கு யார் யார் என்று கேட்டபோது நான் கை தூக்கினேன். ஏழுக்கு ஆறு. பாறைக்காடு ஊரோடு சேர்கிறது, நெசவாளருக்கு நாற்பது வீடு. வடக்கு எல்லைக்கல் இருந்த இடத்தில் இருக்கிறது.

உன்னை வரவழைக்க எனக்கிருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்துக்கொண்டேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வெகுநாளைக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன்.

ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். கவுன்சிலர் வேலை போதும். கரட்டூரில் ஒரு ஓலைச் சாளை போட்டு உன்னோடு இருந்துகொண்டு மண்டிக்கு நடந்து வந்து போகிறேன். மாமா படியேறச் சொல்வாரா என்று கேட்டு எழுது. பதில் வந்ததும் ராஜினாமாவைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அர்த்தநாரி

*

கரட்டூர்
22-4-1936

என் ஊட்டுக்காரருக்கு உண்ணாமலை வணக்கம் சொல்லி எழுதுவது.

அப்பா நேற்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள மனுசனுங்க, மாப்ள மனுசன்" என்று ஏற்றம் இறைக்கிறவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ புரட்டித் தள்ளின மாதிரி இருக்கிறது. அழுகை வந்தது, அழுதேன். யாருக்கும் ஒளித்துக்கொண்டு அழவில்லை.

ராஜினாமாவைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். சொந்த ஆசைக்கு எதிராகக் கை தூக்குகிற ஆள் அந்த நாற்காலியில் உட்காராமல் வேறு யார் உட்காருவது? நாற்பது வீடு கட்டுவதை யார் பார்ப்பது? சுண்ணாம்பில் மண்ணைக் கலந்தால் யார் கேட்பது?

நன்றாக யோசித்துப் பார்த்தேன். "இந்த ஊருக்குள்ள" என்றுதான் காளியாத்தா மேல் சத்தியம் பண்ணினேன். அன்றைக்குப் பாறைக்காடு ஊரா? ஆடு மேய்கிற கரடு. இன்றைக்கு நீங்கள் தீர்மானம் போட்டு ஊர் என்கிறீர்கள். முனிசிபாலிட்டிக்கு அது ஊர்தான், உங்கள் நாற்காலிக்குப் பழுதில்லை. ஆத்தாளுக்கு அது இன்னும் கரடுதான், என் சத்தியத்துக்கும் பழுதில்லை. நம் இரண்டு பேருக்கும் தோதாகக் கால் வைக்க ஒரு இடம் உலகத்தில் இருக்கிறதென்றால், அதை நீங்கள் மூன்று நாளைக்கு முன்புதான் கை தூக்கி உண்டாக்கினீர்கள். கல்லை எங்கள் பக்கம் நகர்த்தியிருந்தால் நான் எங்கள் அப்பன் வீட்டிலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

பூசாரியிடம் பூவாக்குக் கேட்டேன். வெள்ளைப் பூ விழுந்தது, ஆத்தாளுக்குச் சம்மதம்.

நெசவாளருக்கென்று வைத்த நாற்பதில் கை வைக்காதீர்கள். அவற்றுக்குக் கீழ்ப்புறம் வேலுசாமியின் ஆட்டுப்பட்டி இருக்கிறதாம், விலைக்குக் கொடுப்பானாம், பாவாயி விசாரித்துவிட்டாள். முதலில் ஒரு சாளை போட்டால் போதும், ஓட்டு வீடு மெள்ளக் கட்டலாம். மேலிடத்து உத்தரவு வந்து பாறைக்காடு சட்டப்படி ஊராகிறவரைக்கும் நீங்கள் ராத்திரி ஊருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். சட்டம் தெரிந்த கவுன்சிலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். ஊருக்குள் நுழையாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வண்டி வரும், அப்பாவே ஓட்டுகிறேன் என்கிறார். வெயில் ஏறுமுன் வேலாமரத்தடிக்கு வந்துவிடுவோம். காலையில் எங்கும் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள்.

உங்கள்
உண்ணாமலை