சீட்டில் இருந்த என் பங்கு

நன்றாகப் படிக்கத் தெரிந்த என் வீட்டுக்காரருக்கு,

முறிந்த கையோடு போய் எலும்பு டாக்டரிடம் இன்று அசடு வழிந்தேன். "ரெண்டு வருஷமா பத்தியம் தப்பினதே இல்ல டாக்டர், வெறும் கஞ்சிதான்" என்று பெருமையடித்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன் நம் இருவருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்த பத்தியச் சீட்டை அவர் வாங்கிப் படித்துவிட்டு, "யாரும்மா உங்களுக்குக் கஞ்சி சொன்னது?" என்றார்.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு எலும்பு தேயுமாம். பால், முட்டை, மீன், கீரை எல்லாம் எனக்குத்தான் எழுதியிருந்ததாம். உட்கார்ந்தே வேலை பார்க்கும் தொந்திக்காரருக்குத்தான் கஞ்சியாம். அந்தக் கிறுக்கெழுத்து புரியாமல்தானே உங்களிடம் கொடுத்தேன்? என் பங்கை உங்களுக்கும் உங்கள் பங்கை எனக்கும் கூசாமல் மாற்றி வாசித்திருக்கிறீர்கள். நானும் தினம் முட்டை உரித்துக் கொடுத்தேன்.

கை முறிந்ததற்கு நான் அழவில்லை. "உனக்கு ஆகாதுடி" என்று அவ்வளவு அக்கறையாய் என் தட்டிலிருந்து மீனை எடுத்தீர்களே, அதை நினைத்துத்தான் அழுதேன்.

உங்கள் தங்கச்சி வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் இனி நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி சுலபம்தான், சொல்லித் தருகிறேன்.

இன்று எனக்கென்று ஒரு முட்டை வேகவைத்தேன். எழுதும் மும்முரத்தில் தண்ணீர் வற்றி அது வெடித்துவிட்டது. பாதி கூரையில் ஒட்டியிருக்கிறது. கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் ஏறித் துடைக்க முடியவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் வாசித்ததை நம்பியவள்