பெரியவள் வீட்டு மணி

அன்பு மகளுக்கு, அம்மா சொல்ல உன் தம்பி எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம், அந்தத் தூர தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. என் மணிக்கட்டில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதனால்தான் இந்த வாலிடம் பேனாவைக் கொடுத்தேன். (கட்டுப்போட்டது அம்மா கைக்கு, மாட்டிக்கொண்டது என் கை.) சொல்வதை மட்டும் எழுதுடா என்றால் கேட்கிறானா பார். முடித்ததும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டச் சொல்வேன்.

அப்பா போய் நாலு மாதம் ஆகிறது. பஸ் டிப்போவிலிருந்து அவர் பையைக் கொடுத்தனுப்பினார்கள். விசில், டார்ச், சாப்பாட்டு டப்பா. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், காலையானால் கை தன்னால் அதைத் தேடிப் போகிறது. அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் துடைத்துத் துணி போட்டு வைத்திருக்கிறேன். காலண்டர் தாளின் பின்பக்கம் அதற்காக அவர் குறித்த புரோகிராம் யோசனைகள் பதினேழு இருக்கின்றன. தொட்டி எப்போது நிரம்பும் என்று சொல்ல ஒன்று, நான் அடுத்து எதற்குத் திட்டுவேன் என்று கண்டுபிடிக்க ஒன்று. (அதற்கு அந்தக் கிழட்டுப் பெட்டியில் மெமரி போதாது.) அந்தப் பெட்டிக்குப் புரோகிராமெல்லாம் பாட்டுக் கேசட்டில்தானே, நீ கேட்ட கடைசிக் கேசட்டை நாளை பார்சலில் போடுகிறேன். கேசட்டின் மேல் பேர் எழுத மாட்டார், முதலில் மைக்கில் பேரைச் சொல்லிவிட்டுத்தான் புரோகிராமைப் பதிவார், உனக்குத் தெரியுமே. அந்தக் குரலுக்குப் பயந்துதான் நான் எதையும் போட்டுக் கேட்கவில்லை.

அக்கா, அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். இது நான், உன் தம்பி. அந்தக் கேசட்டில் உன் புரோகிராம் இல்லை. அப்பா போன அன்று மத்தியானம் அவர் டிப்போவில் இருந்தபோது அதன் மேல் நான் என் குரலைப் பதிந்துவிட்டேன். கம்ப்யூட்டரே பேசுவது மாதிரி, கிழவன் குரலில், "ஐயா, எனக்கு வயசாயிடுச்சு, தூங்கப் போறேன், இனிமே எழுப்பாதீங்க" என்று. சாயங்காலம் வந்து போடுவார், திடுக்கிட்டு என் காதைத் திருகுவார் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். டிப்போவிலிருந்து அவரை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாயால் சொல்ல நாலு மாதமாக முடியவில்லை. எழுதிவிட்டால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டித்தானே ஆகவேண்டும்.

மகளே, மறுபடி அம்மா. வாசித்துக் காட்டினான். பாதியில் தாளை என்னிடம் நீட்டிவிட்டான், மிச்சத்தை நான் வாங்கி வாசித்தேன். கேசட்டைப் போடுடா என்றேன். முதலில் அப்பா, "இது பெரியவளுக்கு. ஒரே தடவையில ஓடிடணும்டா கிழவா" என்கிறார். பிறகு இவன். நான் சிரித்தேன், எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. உங்கப்பா கேட்டிருந்தால் அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருப்பார் என்றேன். இதையும் இவன் தலை நிமிராமல்தான் எழுதுகிறான்.

அந்தக் கேசட்டில் இருந்தது பதினேழாவது யோசனை, உன்னுடையது. "பெரியவள் வீட்டு மணி. அவள் விழித்திருந்தால் பச்சை, தூங்கினால் சிவப்பு." ஊர் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறித்தவருக்கு உன் நேரம் மட்டும் பிடிபடவில்லை, எத்தனை தடவை போன் போட்டு உன்னை அரைத் தூக்கத்தில் எழுப்பியிருக்கிறார். அவர் போனதற்கு முந்தின நாள்கூட, பெரியவளோடு பேசுங்களேன் என்றேன். "பாவம், தூங்குவா. இது முடியட்டும், அப்புறம் தப்பே வராது" என்றார். மறுநாள் காலையில் முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

கேசட்டை அனுப்புகிறேன், தாளையும் சேர்த்து. தம்பி பேசியதை அழித்துவிடாதே, அவனை ஒன்றும் சொல்லாதே, அவனே போதுமான அளவு சொல்லிக்கொண்டுவிட்டான். உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மறக்காதே, பேசத் தோன்றினால் இங்கே என்ன மணி என்று பார்க்காதே, எழுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
(இந்தக் கோணல் கையெழுத்து மட்டும் அவள் இடது கையால் போட்டது.)