சாமி இறங்கும் சவுக்குத் தோப்பு

கூச்சிங்
18 மார்ச் 2025

அன்புள்ள கலைமகள் அக்காவுக்கு,

நீங்களும் மாமாவும் நலந்தானே? மாசி மகப் படங்கள் பார்த்தேன். வழக்கம்போலச் சாமியைக் கடற்கரைச் சவுக்கு நிழலில்தான் இறக்கியிருக்கிறீர்கள். தரை ஏன் மொட்டையாக இருக்கிறது? கிழட்டு மரங்கள் சாய்கின்றன, விதை விழுந்து தானாக முளைக்கட்டும், கூட்டாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேனே. ஜனவரியில் விரல் உயரத்துக்கு எவ்வளவு கன்று! பக்கத்து வீட்டு பாக் சாலேயின் ஆடுகள்தான் மேய்ந்திருக்கும். கோயில் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைப் போட்டுவிட்டேன். நகராண்மைக் கழகத்துக்கும் புகார் எழுதிவிட்டேன்.

தம்பி தினேஸ்வரன்

உம்பாய்
2 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன். ஆடு மேயவில்லைடா. நான்தான்.

திருவிழாவுக்கு முன்னால் தோப்பெல்லாம் சருகு. “என்ன கலை, குப்பமேட்டுலயா சாமிய எறக்கப் போறோம்?” என்று மலர்க்கொடி அக்கா நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு மானம் போனது. கோயில் ஆட்களிடம் மண்வெட்டி வைத்துச் சுத்தமாகச் செதுக்கச் சொன்னேன். ஊசி ஊசியாக இருந்ததைப் புல் என்றே நினைத்தேன். நீ காட்டினபோது சரியாகப் பார்க்கவில்லை.

குழுவில் எல்லாரும் பாக் சாலேயைத் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு எப்போதும்போல மூங்கிலில் வெந்த லெமாங் சோறு கொண்டுவந்தார். “ஆட்டையெல்லாம் வித்துட்டேன் கலை. உங்க சாமி எடத்துக்கு என்னால கெடுதல் வேணாம்லா,” என்றார். லெமாங்கை வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா!

அக்கா

கூச்சிங்
11 ஏப்ரல்

அக்காவுக்கு,

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். விசாரிக்காமல் எழுதிய கையை என்ன செய்வது? உங்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். நீங்களே அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

தினேஸ்வரன்

உம்பாய்
20 ஏப்ரல்

தம்பிக்கு,

நடந்ததைக் குழுவில் எழுதிவிட்டேன். தோப்பில் இனி விளக்குமாறு படாது, பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

பாக் சாலே வீட்டுக்கும் போனேன். ஆடு வாங்கித் தருகிறோம் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். “இத்தன வருஷம் பக்கத்துல இருக்கோம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா,” என்றார். உள்ளே போய்விட்டார். வாசலிலேயே நின்றேன். யாரும் வரவில்லை.

நீ ஊருக்கு வந்தால் அவரைப் போய்ப் பார். கூட வரச்சொல்லி என்னைக் கூப்பிடாதே.

கலைமகள்