ஆச்சு என்றாய்

கடப்பாக்கம்,
14-6-1976

சிவப்பிரகாசத்துக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை.

பதினோரு மாதம் என் தங்கை சாந்தா ஆஸ்பத்திரியில் உன்னிடம்தான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். தன் ரத்தத்தைப் பிடித்து யாருக்கோ கொடுக்கிறார்கள் என்று அவள் காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். அவளை அமுக்கிப் பிடிக்க ஆள் வேண்டாம் என்றவன் நீ. "கயிறு கட்டறேம்மா, இப்போ குத்தப் போறேன்" என்று சொல்லிச் சொல்லிச் செய்தாய். ஊசி வெளியே வந்த பிறகே "ஆச்சு" என்பாய். அதுவரை கண்ணை மூடியிருப்பாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் செங்கல்பட்டு பஸ் ஏறினாள்.

மூன்றாம் தேதி, பயிற்சிப் பிள்ளைகள் ஆறு பேர் சுற்றி நிற்க, ஊசி உள்ளே இருக்கும்போதே "ஆச்சு" என்றுவிட்டு மேலும் இழுத்தாய். கண்ணைத் திறந்தாள். "இன்னாங்க, ஆச்சுன்னீங்க, ஊசி உள்ளதானே கீது?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவள் உதறிய உதறலில் ஊசிக்குழல் விழுந்து நொறுங்கியது.

அன்றிலிருந்து அவள் யாரிடமும் கை நீட்டவில்லை. ரத்தம் பார்க்காமல் டாக்டர் மாத்திரை எழுத மாட்டார். மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள். போன தடவை மாத்திரை நின்றபோது அவள் கழுத்தளவு கடலில் நின்றதை நீ அறிவாய்.

பூவராகவன்


செங்கல்பட்டு,
18-6-1976

அன்புள்ள பூவராகவனுக்கு,

நீ போடாவிட்டாலும் நான் போடுகிறேன்.

சிரித்தது தப்பு. அதைவிடப் பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். அதிகமாக எடுத்த ரத்தம் அவளுக்காக அல்ல, பிள்ளைகள் பழகுவதற்காக. அவளிடம் கேட்கவில்லை. அவள் பயந்ததை அன்று நானே உண்மையாக்கிவிட்டேன்.

ஆனால் நீ எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நான் சொன்னதை நம்பாமல், கண்ணை மூடியபடியே "ஆச்சாண்ணா?" என்று உன்னைக் கேட்டாள். ஊசி உள்ளே இருந்தது உனக்குத் தெரியும். நீ "ஆச்சும்மா" என்றாய். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சம்மதித்தால் ரத்தமும் எடுக்கிறேன்.

உன்
சிவப்பிரகாசம்


கடப்பாக்கம்,
30-6-1976

சிவப்பிரகாசத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கதவைத் தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன்.

அதற்கு மூன்று நாள் முன்பே ரத்தம் எடுத்தாகிவிட்டது. இங்கே புதிதாக வந்திருக்கும் நர்ஸ் சாராள், கோவளத்துக்காரர், வீட்டுக்கே வந்தார். "ஒரு குப்பிதான். எங்க போவுதுன்னு சீட்டுல எழுதிக்கீறேன், நீயே படி. கண்ணைத் தொறந்துகினே இரு. வேணான்னா கையை இழுத்துக்கோ" என்றார். சாந்தா இரண்டு தடவை இழுத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை நீட்டினாள்.

இதில் பாதி பக்கத்து அறையில் என் காதில் விழுந்தது, மீதியை நர்ஸ் சொன்னார். "அண்ணன் இங்க வேணா, போவச் சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"ஆச்சும்மா" என்றது நான்தான். பிள்ளைகள் முன்னால் நண்பன் உன் மானம் போகக்கூடாது என்று நினைத்தேன். என்னை அப்படி ஒரு வார்த்தை சொல்ல வைத்தவன் நீ. அதை நான் மறக்கப் போவதில்லை.

மாத்திரை வந்துவிட்டது. என் கையால் கொடுத்தால் வாங்குவதில்லை. டப்பாவைத் தானே வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி போட்டுக்கொள்கிறாள். போட்டுக்கொண்டாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இனி எழுதாதே.

பூவராகவன்