குண்டனுக்கு ஒரு பூசை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருக்குள் நாங்கள் சுகம். நீயும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். எங்கள் சபைப் பாணியில் தொடங்கியிருக்கிற இதை வாசித்ததும் உன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வருமே, இங்கிருந்தே தெரிகிறது.

உன் ஆறு பக்கப் பதிலை என் வீட்டுக்காரர் ஒரே மூச்சில் வாசித்தார். "உங்க அக்கா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். சட்டைக் கம்பெனியில பட்டன் எண்ணிக்கிட்டு இருக்காங்க" என்றார். இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு? அது வெறும் தண்ணீர்தானே? அடுத்தது, செத்தவர்களுக்கு ஏன் ஜெபம்? உயிர் போனதும் கதவு சாத்தியாகிவிட்டது, அதற்குப் பிறகு தட்டி என்ன பயன் என்கிறார்.

முதல் கேள்வி சும்மா வந்ததில்லை. குண்டன் எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க மாட்டேன் என்கிறான். "எனக்குத்தான் ஏற்கெனவே ஆயிடுச்சே. பெரியம்மா மடியில வச்சு ஊத்தினாங்களாமே" என்று அப்பா முகத்துக்கு நேராகவே சொன்னான். உங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கும் போகிறவன் இல்லை, வம்புக்குத்தான் பேசுகிறான். பாஸ்டர் மகனே இப்படி என்றால் சபையில் யார் கேட்பார்கள் என்று இவர் குமைகிறார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சட்னி வேண்டுமா என்பதைக்கூட நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலை பார்க்கிற ஏ.சி. ரிப்பேர் கடையில் அவனுக்கு நல்ல பேர். குண்டன் என்று கூப்பிட்டு வளர்த்தோம், இப்போது கொடிக்கம்பம் மாதிரி இருக்கிறான்.

பதிலைக் கடிதமாகவே எழுது. போனில் என்றால் அவர் பக்கத்தில் நிற்பார்.

உன் பாப்பா

ஜூன் 15

என் பாப்பாவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

நான் பட்டன் எண்ணுவதில்லை என்று அவரிடம் சொல். தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அவர் கேள்வியிலும் ஓரிடத்தில் நூல் பிரிந்திருக்கிறது. பால் கொடுப்பதற்கும் பேர் வைப்பதற்கும் குண்டனிடம் சம்மதம் கேட்டீர்களா? ஆண்டவர் முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறார். பிள்ளை அவரைத் தெரிந்துகொள்வது அதற்கப்புறம். அன்றைக்கு மாப்பிள்ளையும் உன் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றார், மறந்துவிட்டாரா? அவனுக்குப் பதிலாக "விசுவசிக்கிறேன்" என்று சொன்ன ஞானத்தாய் நான். அவனுக்கு நான்கு வயதான பிறகு நீங்கள் சபை மாறினீர்கள். நான் சொன்ன சொல் மாறவில்லை.

செத்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீ காய்ச்சலில் கிடந்தால் உனக்காக ஜெபிக்கிறேன். மூச்சு நின்றுவிட்டால் அந்த நிமிஷத்தோடு நீ எனக்குத் தங்கை இல்லையா? மோட்சத்துக்கு முன் ஆத்துமாக்கள் சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலம் என்றால் தோற்றவனுக்கு இன்னொரு பரீட்சை என்று மாப்பிள்ளை நினைக்கிறார். அப்படி இல்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் தேறினவர்கள். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள், உள்ளே நுழையும்முன் சேற்றுக்காலைக் கழுவிக்கொள்கிறார்கள். நாம் ஜெபத்தால் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறோம், அவ்வளவுதான். அதற்கு ஆதாரம் இருக்கிற ஆகமப் புத்தகம் எங்கள் பைபிளில் உண்டு, உங்கள் பைபிளில் இல்லை. அதை எடுத்தது யார் என்று நான் பதிலுக்குக் கேட்டால் மாப்பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும், அதனால் கேட்கவில்லை.

குண்டனை விரட்டாதீர்கள். அத்தான் வேன் ஓட்டும்போது சொல்வதுதான்: ஹாரன் அடித்தால் மாடு நகராது.

அன்புடன் அக்கா

ஆகஸ்ட் 19

பாப்பா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஏதாவது சாப்பிட்டாயா?

கல்லறையில் உன்னை ஒரு தடவை கட்டிப்பிடிக்காமல்கூட வந்துவிட்டேன். அத்தான் என்னை இழுத்துக்கொண்டுபோய் வேனில் ஏற்றிவிட்டார். குழிமேட்டில் நின்று மாப்பிள்ளை பேசினது இன்னும் காதில் இருக்கிறது. "இவன் என் மகன். கூப்பிட்டேன், வரமாட்டேன்னான். மனந்திரும்பாமலே போயிட்டான். இவன் எங்க இருக்கான்னு உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்." அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நிறுத்துங்க மாப்பிள்ளை! அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்திவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் கத்தியதற்கு வருத்தம்தான். கேட்டதற்கு வருத்தம் இல்லை.

மொட்டைமாடியில் ஏ.சி. வேலை செய்யும்போது கரண்ட் அடித்து விழுந்தவனைக் காரில் போட்டுக்கொண்டு போகும்போது மூச்சு இருந்தது என்று அவன் முதலாளி என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றதாம். அந்த வழியில் அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் என்ன நடந்தது? மாப்பிள்ளை அந்தக் காரில் இருந்தாரா? எங்கள் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பேர் சொல்லி ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. அந்தத் தீர்ப்பு நம் கையில் இல்லை.

அடுத்த மாதம் குண்டனுடைய ஆத்துமாவுக்காக இங்கே கோயிலில் பூசை. எங்கள் பங்குச் சாமியாரிடம் பேர் கொடுத்துவிட்டேன். நான் அவனுக்கு ஞானத்தாய், எனக்கு உரிமை இருக்கிறது.

அக்கா

செப்டம்பர் 1

அக்கா,

உரிமையா? பத்து மாதம் சுமந்தவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அன்றிலிருந்து அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். பையனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு சபை கூடுகிற ஹாலில் நாற்காலி அடுக்குகிறார். கீழே டயர் கடையில் கம்ப்ரஸர் ஓடினால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறார். அது குண்டன் வண்டிச் சத்தம் மாதிரியே இருக்கும்.

"ஒரு வார்த்தை நல்லதா சொல்லக் கூடாதா? அவன் உங்க பிள்ளைங்க" என்று நானும் கேட்டேன். அவர் வெல்டரைச் சொன்னார். போன வருஷம் எங்கள் சபை வெல்டரின் அப்பா இறந்தபோது, "எங்கப்பா எங்க இருப்பார் பாஸ்டர்?" என்று அந்த ஆள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் அப்பா குடிகாரர், ஒருநாளும் சபைப் பக்கம் வந்ததில்லை. மனந்திரும்பாதவருக்குப் பரலோகம் இல்லை என்று இவர் மழுப்பாமல் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் அழுதுகொண்டே அதை ஏற்றுக்கொண்டார். "அவருக்கு ஒரு நியாயம், என் மகனுக்கு ஒரு நியாயமா? அப்படின்னா இருபது வருஷமா நான் என்னத்த பிரசங்கம் பண்ணினேன்?" என்று இவர் என்னைக் கேட்டார்.

பூசையை நிறுத்து. இவரை இன்னும் நொறுக்காதே.

கடிதத்தை இத்தோடு மடித்துவிட்டேன். திரும்பவும் பிரிக்கிறேன். அக்கா, வாதம் எல்லாம் வேண்டாம். உன் கட்சி ஜெயிக்க எழுதாதே. நீ மொண்டு ஊற்றுகிறேன் என்றாயே, அது நிஜமாகவே அவனுக்குப் போய்ச் சேருமா?

பாப்பா

செப்டம்பர் 14

என் கண்ணே பாப்பா,

பூசை முடிந்துவிட்டது. உன் கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா, தெரியவில்லை.

வேலைநாள் காலைப்பூசை, கூட்டம் இல்லை. அத்தான், நான், எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர், அப்புறம் யாரோ நாலைந்து பேர். சாமியார் அவன் பேரை இன்னும் இரண்டு பேர்களோடு சேர்த்துச் சொன்னார். அவனுடைய முழுப்பேரைக் கேட்டதும் எனக்கே யாரோ மாதிரி இருந்தது.

வாதம் வேண்டாம் என்றாய். சரி. அவன் மோட்சத்தில் இருக்கிறான் என்று உனக்கு நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. பூசை வைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன், அது காசு போட்டால் சீட்டு வருகிற மிஷின் இல்லை. தெரியாததால்தான் ஜெபிக்கிறோம். அவனை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு, அவனை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நமக்கு இருக்கிற நேற்று, இன்று எல்லாம் ஆண்டவருக்குக் கிடையாது. நீ இன்றைக்குக் கேட்பது அந்தக் காரில் அவனுக்குத் துணையாகப் போயிருக்கலாம். அதை நான் உயிராக நம்புகிறேன். இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அன்றைக்குக் கல்லறையிலிருந்து வீடுவரை வந்திருக்க மாட்டேன்.

கேட்பது பாவம் இல்லை பாப்பா. பெற்றவள் கேட்டால் அவர் காதைப் பொத்திக்கொள்வாரா?

உன் அக்கா

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அதை அவரிடம் கொடுத்தேன். ஒளித்துவைக்க மனம் வரவில்லை. அவருக்கும் அது தேவைப்படும் என்று நினைத்தேன். ஜன்னலோரம் நின்றபடியே வாசித்தார். திருப்பி முதலிலிருந்து வாசித்தார். "நல்லா எழுதியிருக்காங்க. இது உண்மையா இருக்கக் கூடாதான்னு இருக்கு" என்றார். கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்து, "அப்படி இருக்கறதாலதான் எனக்குப் பயமா இருக்கு. எனக்கு வேணுங்கறதுக்காக நம்ப ஆரம்பிச்சா, அப்புறம் எதையும் நம்பலாம்" என்றார். பிறகு குண்டன் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் நான் ஜெபித்தேன் அக்கா. பாத்திரம் தேய்க்கும்போது, ஹாலைப் பெருக்கும்போது. எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள், கரண்ட் என்றால் சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பயம், இருட்டில் விட்டுவிடாதீர்கள் என்று ஏதேதோ சொன்னேன். அந்த ஒரு வாரம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அதற்குள் விஷயம் சபைக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் மருந்துக்கடைக்காரருக்கு இங்கே சொந்தம் இருக்கிறதாம். வெல்டர் மாடியேறி வந்தார். சண்டைக்கு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று, "பாஸ்டரம்மா, தம்பிக்குப் பூசை வச்சாங்களாமே. அது சரின்னா எங்கப்பாவுக்கும் வைக்கலாமா?" என்று கேட்டார். இவர் உள்ளேதான் இருந்தார், இவருக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் எழுந்து, அந்த ஜெபம் தவறு என்று என்னைச் சொல்லச் சொன்னார். அதட்டவில்லை. "நீ சொல்லாட்டி நான் இனிமே மேடை ஏற முடியாது" என்றார். மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் விழுந்துவிடுவார் போல இருந்தது. பிள்ளை போய்விட்டான், இருக்கிறவர் இவர் ஒருவர்தான். எழுந்தேன். மரித்தவர்களுக்கு ஜெபம் இல்லை, என் துக்கத்தில் தடுமாறிவிட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும் என்று சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். வெல்டர் சொல்லவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன வாயால் இனி நான் எப்படிக் கேட்பேன்? பாத்திரம் தேய்க்கும்போது உதடு தானாக அசைகிறது, கடித்துக்கொள்கிறேன்.

நீ நிறுத்தாதே அக்கா. அன்றைக்கு நிறுத்து என்று எழுதினேன், இப்போது நிறுத்தாதே என்கிறேன். வெல்டர் அப்பாவையும் சேர்த்துக்கொள். பேர் எனக்குத் தெரியாது, போய்க் கேட்கவும் முடியாது. வெல்டரின் அப்பா என்றாலே ஆண்டவருக்குத் தெரியும்.

எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைக் கண்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதையாவது காப்பாற்ற வேண்டும்.

பாப்பா